கத்தார் சாவுக் கணக்கு: 6,500-ஆ, 37-ஆ, 3-ஆ?

12 டிசம்பர் 2024, காலை 9.10 (கேள்வி)

2034 கால்பந்து உலகக் கோப்பை சவூதிக்குன்னு நேத்து அறிவிச்சாச்சு. உடனே மனித உரிமைக் கச்சேரியும் ஆரம்பம். 2022 போட்டிக்குக் கத்தார்ல ஸ்டேடியம் கட்டி 6,500 பேர் செத்தாங்கன்னு மூணு வருஷமா ஓதின அதே கோஷ்டிதான். வெள்ளைக்காரன் நடத்தினா விளையாட்டு, அரபி நடத்தினா பாவமா? அங்கே வேலை பார்த்தவங்க இங்கே இருப்பீங்க. 6,500 உண்மையா, பொய்யா? சுத்தி வளைக்காம ஒரு வார்த்தையில சொல்லுங்க.

12 டிசம்பர் 2024, இரவு 10.40

பொய்.

ஒரு வார்த்தை கேட்டீங்க, கொடுத்துட்டேன். இனிமே சுத்தி வளைக்கிறேன்.

2014 கடைசியிலேர்ந்து 2018 பாதி வரைக்கும் தோஹாவில டைம்கீப்பரா இருந்தேன். ஸ்டேடியத்தில இல்லை. ஸ்டேடியத்துக்குப் போற ரோட்டுக்கு அடியில மழைநீர்க் குழாய் பதிக்கிற வேலை. மெயின் கான்ட்ராக்டருக்குக் கீழே சப், அவனுக்குக் கீழே நாங்க, எங்களுக்குக் கீழே ஆள் சப்ளை கம்பெனி. தினமும் நானூத்திச் சொச்சம் பேருக்கு ஹாஜர் போட்ட கை இது. அத்தனை வருஷத்தில எங்க சைட்டில விழுந்து செத்தவர் ஒருத்தர். ஒரே ஒருத்தர்.

அந்த 6,500, கார்டியன் பத்திரிகை 2021 பிப்ரவரியில போட்ட எண். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை, இந்த அஞ்சு நாட்டுக்காரங்க பத்து வருஷத்தில கத்தார்ல மொத்தம் எத்தனை பேர் இறந்தாங்கன்னு அந்தந்த அரசுகள் வெச்சிருந்த கணக்கைக் கூட்டிப் போட்டாங்க. அதில வீட்டு டிரைவர் உண்டு, கடையில கல்லாவில உட்கார்ந்தவர் உண்டு, ரோட்டு விபத்தில போனவர் உண்டு. அது ஊடகத்துக்கு ஊடகம் தாவி "ஸ்டேடியம் கட்டி 6,500 பலி" ஆயிடுச்சு. பத்திரிகை சொன்னது ஒண்ணு, படிச்சவன் பரப்பினது ஒண்ணு.

13 டிசம்பர் 2024, காலை 6.55

கீழே ஒருத்தர் கத்தார் அரசாங்கக் கணக்கைக் கொண்டுவந்து போட்டு "பார்த்தீங்களா, வெறும் 3 பேர்தான்"னு குதிக்கிறார். இருங்க. நான் ஒண்ணைப் பொய்ன்னா இன்னொண்ணு உண்மைன்னு அர்த்தமில்லை.

அந்த 3 என்னன்னா, ஸ்டேடியம் கட்டற இடத்தில, வேலையால நேரா வந்த சாவு. இதுபோக "வேலைக்குத் தொடர்பில்லாத" சாவு 37. ரெண்டும் ஸ்டேடிய வேலைக்கு மட்டும். மெட்ரோ, ஏர்போர்ட், லூசைல் நகரம், ஹோட்டல், எங்க குழாய், எதுவும் இதில வராது. அப்புறம் 2022 நவம்பர்ல, போட்டி நடந்துட்டு இருக்கும்போதே, போட்டி ஏற்பாட்டுக் குழுப் பொதுச்செயலாளர் ஹசன் அல் தவாதி ஒரு டிவி பேட்டியில "400-லேர்ந்து 500-க்குள்ள"ன்னார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எடுத்த கணக்கில 2020 ஒரு வருஷத்தில மட்டும் வேலையிடச் சாவு 50, பலத்த காயம் 500-க்கு மேல, லேசானதும் நடுத்தரமும் 37,600.

ஆக 3, 37, 50, 400-500, 6,500. ஒரே நாடு, ஒரே வெயில். நாலு கணக்குப்பிள்ளை.

நேத்து "பொய்"ன்னு ஒத்தை வார்த்தை போட்டது அவசரம். "அரைக் கணக்கு"ன்னு மாத்திக்கிறேன்.

13 டிசம்பர் 2024, இரவு 11.20

"வெள்ளைக்காரன் நடத்தினா விளையாட்டா?" இதுக்குப் பதில் சொல்லாம விட்டுட்டேன். கேள்வியில நியாயம் இருக்கு. ஆனா இதே கேள்வியை ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோவே 2022 நவம்பர் 19 அன்னைக்குக் கேட்டுட்டார். ஐரோப்பியர் உலகத்துக்குச் செஞ்சதுக்கு இன்னும் 3,000 வருஷம் மன்னிப்புக் கேட்கணும்னு பேசினார். இன்னைக்கு நிலவரப்படி பாக்கி 2,998.

சிரிப்பு போகட்டும். 1978-ல அர்ஜென்டினாவில நடந்த உலகக் கோப்பையை யாரும் விளையாட்டாப் பார்க்கலை. விடேலாவோட ராணுவ ஆட்சி, ஆயிரக்கணக்கான பேர் காணாமப் போயிட்டு இருந்த காலம். பிரான்ஸ்லேயும் ஹாலந்துலேயும் புறக்கணிக்கச் சொல்லி இயக்கமே நடந்துச்சு. ஹாலந்தோட நட்சத்திர ஆட்டக்காரர் யோஹான் க்ரூய்ஃப் அந்த ஆட்சியைக் கண்டிச்சுத்தான் போகவே இல்லை. ஆட்டக்காரன்னா அவன்.

14 டிசம்பர் 2024, காலை 8.05

க்ரூய்ஃப் விஷயத்தில நாலு பேர் என்னை வறுத்தெடுத்துட்டீங்க. சரி, தப்புதான். முப்பது வருஷம் உலகமே அப்படித்தான் நம்பிச்சு. 2008-ல ஒரு கத்தலான் வானொலிப் பேட்டியில அவரே சொன்னார்: பார்சிலோனா வீட்டுக்குள்ள ஆயுதத்தோட ஆள் புகுந்து, அவரையும் மனைவியையும் கட்டிப்போட்டு, கடத்தல் முயற்சி நடந்திருக்கு. அந்தப் பயத்தில குடும்பத்தை விட்டுட்டுப் போக மனசு வரலை. ஆட்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு போச்சு. தான் எதுக்குப் போகலைன்னு முப்பது வருஷம் அந்த மனுஷன் வாயைத் திறக்காததும், நாம அந்த இடத்தில நமக்கு வேணும்கிறதை எழுதிக்கிட்டதும்... ஹாஜர் புத்தகத்தில காலிக் கட்டம் இருந்தா யாராவது ஒரு எழுத்தைப் போட்டுடுவாங்க. அது மாதிரி.

16 டிசம்பர் 2024, இரவு 9.30

அர்ஜென்டினாவை விட மனசில்லை, இன்னும் கொஞ்சம்.

இறுதி ஆட்டம் நடந்த ரிவர் பிளேட் மைதானத்திலேர்ந்து சத்தம் கேட்கிற தூரத்தில ஒரு கடற்படைப் பயிற்சிப் பள்ளி. பேரு எஸ்மா. அதுக்குள்ள ரகசியச் சித்திரவதைக் கூடம். கோல் விழும்போது கூட்டம் போட்ட கூச்சல் தங்களுக்குக் கேட்டதுன்னு உயிரோட மீண்டவங்க சாட்சி சொல்லியிருக்காங்க. கோப்பை ஜெயிச்ச ராத்திரி ஒரு பெண் கைதியைக் காரில ஏத்தி, கொண்டாட்டத்தைப் பார்க்கன்னு ஊருக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. கார்க் கூரைத் திறப்பு வழியா தலையை வெளியே நீட்ட விட்டாங்க. சுத்திலும் லட்சம் பேர். "நான் காணாமப் போனவள்"னு கத்தினா ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாங்கன்னு அப்போ தோணிச்சாம் அவங்களுக்கு. எஸ்மா இப்போ நினைவிடம். 2023-ல யுனெஸ்கோ பட்டியல்லேயும் சேர்ந்துடுச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அங்கே போனவங்களாலயும் ஒரு நல்லது நடந்துச்சு. தொடக்க ஆட்டத்தன்னைக்கு டச்சு டிவிக்காரங்க சிலர் மைதானத்தை விட்டுட்டு பிளாசா தே மாயோ சதுக்கத்துக்குப் போய், பிள்ளைகளைத் தொலைச்ச தாய்மார்களைப் படம் பிடிச்சாங்க. வெள்ளைத் தலைத்துணி கட்டின அந்த அம்மாக்களை உலகம் பார்த்தது அப்போதான். எல்லா நாடும் போகாம இருந்திருந்தா அந்தக் கேமராவும் போயிருக்காது.

அப்போ புறக்கணிப்பே வேண்டாமா? அதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவில வேலை செஞ்சது. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதி ஆட்டத்தில இந்தியா இனவெறி அரசோட ஆட மாட்டோம்னு கோப்பையையே விட்டுக்கொடுத்துச்சு. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் நல்ல ஃபார்ம்ல இருந்த காலம். அப்படி ஒரு வாய்ப்பு அந்தத் தலைமுறைக்கு இன்னும் ஒரே ஒரு தடவை, 1987-லதான் வந்துச்சு. ஆனா அங்கே விளையாட்டுக்குள்ளேயே இனவெறி இருந்துச்சு. அணியில யாரைச் சேர்க்கலாம், எந்த கேலரியில யார் உட்காரலாம், எல்லாத்திலேயும். விளையாட்டை நிறுத்தினா அது நேரா வலிச்சுது. கத்தார் கதை வேற. அங்கே பாவம் மைதானத்துக்கு உள்ளே நடக்கலை, மைதானம் வர்றதுக்கு முன்னாடி நடந்துச்சு. நீங்க டிவியை அணைக்கிற நேரத்துக்குக் கான்கிரீட் இறுகி ரெண்டு வருஷம்.

17 டிசம்பர் 2024, காலை 7.15

டைம்கீப்பர்னா என்ன வேலைன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். வாட்ச் ரிப்பேர் இல்லைப்பா.

காலையில 3.45-க்கு கேம்ப், அதாவது தொழிலாளர் தங்குற இடத்து வாசல்ல பஸ் நிக்கும். கேம்ப் இருக்கிற இடம் சனையா, அதாவது இண்டஸ்ட்ரியல் ஏரியா. நான் அட்டையில தாளைக் கிளிப் போட்டு டார்ச்சோட படிக்கட்டுப் பக்கம் நிப்பேன். பேரைக் கூப்பிட மாட்டோம், நம்பர்தான். ஏறினா P. ஏறலைன்னா A. சிக் லீவ் சீட்டு வெச்சிருந்தா S. ஊருக்குப் போயிருந்தா V. மத்தியானம் இன்னொரு தடவை சைட்டில எண்ணணும். சாயங்காலம் ஃபோர்மேன் ஓவர்டைம் சொல்லுவார். ராத்திரி எக்செல்ல ஏத்தி அனுப்பணும். மாசக் கடைசியில அந்தத் தாள்தான் சம்பளம். A ஒண்ணு விழுந்தா ரெண்டு நாள் சம்பளம் கட். அது எங்க கம்பெனி விதி, சட்டம் இல்லை. ஆனா கம்பெனி விதிதான் எங்களுக்குச் சட்டம்.

20 டிசம்பர் 2024, இரவு 12.10

"கத்தார்ல மத்தியான வெயில்ல வேலைக்குத் தடை இருந்துச்சே, நீங்களே ஹாஜர் போட்டவர், அதை மதிச்சாங்களா?"ன்னு நேராக் கேட்டுட்டீங்க. மூணு நாளா இந்தக் கேள்வியைத் திறந்து மூடிட்டு இருக்கேன்.

அப்போ விதி: ஜூன் 15-லேர்ந்து ஆகஸ்ட் 31 வரை, 11.30-லேர்ந்து 3 மணி வரை வெட்டவெளியில வேலை கூடாது. 2021-ல அதை ஜூன் 1-லேர்ந்து செப்டம்பர் 15, காலை 10-லேர்ந்து 3.30-ன்னு நீட்டினாங்க. வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்து அளக்கிற குறியீடு 32.1 தாண்டினா எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தணும்னும் சேர்த்தாங்க. நல்ல மாத்தம். நான் ஊர் திரும்பி மூணு வருஷம் கழிச்சு.

என் எக்செல்ல அந்த இடைவேளை முன்கூட்டியே நிரப்பின கட்டம். வெளியே 11.30, உள்ளே 3.00. நான் தட்டவே வேண்டாம். நானூறு பேருக்கும் தானா விழும். சைட்டில என்ன நடந்துச்சுன்னா, கான்கிரீட் வண்டி 11.20-க்கு வந்து நின்னா அதை ஊத்தி முடிச்சுட்டுத்தான் நிழலுக்குப் போவாங்க. 12.15 ஆகும், 12.40 ஆகும். நான் ஏசி போட்ட கேபினில கண்ணாடி வழியா பார்த்துட்டு இருந்திருக்கேன். என் தாள்ல அந்த நானூறு பேரும் நிழல்ல படுத்திருந்தாங்க.

வேடிக்கை ஒண்ணு. 2010-ல ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஃபிஃபாவோட சொந்த மதிப்பீட்டு அறிக்கையே ஜூன், ஜூலை வெயில்ல கத்தார்ல போட்டி நடத்தறது அபாயம்னு எழுதிச்சு. 2015-ல போட்டியை நவம்பர், டிசம்பருக்கு மாத்தினாங்க. அந்த அறிவிப்பு வந்தன்னைக்கு கேம்ப் டிவியில பார்த்தோம். தொண்ணூறு நிமிஷம் ஓடறவனுக்கு ஆகாது. ரெண்டு வரிசை பின்னாடி உட்கார்ந்திருந்த மலையாளி மேசன் ஒருத்தர் கேட்டார்: "அப்போ நமக்கும் நவம்பருக்கு மாத்துவாங்களா சாரே?" எல்லாரும் சிரிச்சோம்.

20 டிசம்பர் 2024, காலை 6.30

ராத்திரி எழுதினதைக் காலையில படிச்சா உறுத்துது. "மதிச்சாங்களா"ன்னு கேட்டதுக்கு நான் கான்கிரீட் வண்டி மேல பழியைப் போட்டிருக்கேன். பெரிய கம்பெனிகள் மதிச்சாங்க, இன்ஸ்பெக்டர் வருவார். ஸ்டேடிய சைட்டில கெடுபிடி இன்னும் அதிகம், தண்ணி, குளிர்ச்சி பண்ற உடுப்பு எல்லாம் கொடுத்தாங்கன்னு அங்கேர்ந்து வந்தவங்க சொல்வாங்க. கேமரா படற இடம் அது. கீழே போகப் போக, சப்புக்குச் சப்புன்னு இறங்க இறங்க, வெளிச்சம் குறைஞ்சுட்டே வரும்.

27 டிசம்பர் 2024

லீவு. குடும்பம். தினமும் இதுக்குள்ள வந்து எட்டிப் பார்க்கிறதுக்கு வீட்டில திட்டு.

கீழே ஒருத்தர் பணத்தைப் பத்திக் கேட்டிருந்தார், அதுக்கு மட்டும் பதில். 2022 மே மாசம் மனித உரிமை அமைப்புகள் கேட்டது 440 மில்லியன் டாலர் நஷ்டஈட்டு நிதி. அணிகளுக்குக் கொடுக்கிற பரிசுத்தொகை எவ்வளவோ அதே தொகை. ஃபிஃபா போன மாசம் அறிவிச்சது 50 மில்லியனுக்கு ஒரு நிதி. அது உலக சுகாதார அமைப்பு, உலக வர்த்தக அமைப்பு, அகதிகள் அமைப்பு வழியா பொதுத் திட்டங்களுக்குப் போகுது. செத்தவன் வீட்டுக்கு அதிலேர்ந்து ஒரு ரியால் வராது. அதே வாரம் ஃபிஃபா தானே எழுத வெச்ச அறிக்கை, "பரிகாரம் செய்யற பொறுப்பு ஃபிஃபாவுக்கு உண்டு"ன்னு சொல்லி வெளியாச்சு. முதல்ல நிதி, அப்புறம் அறிக்கை. கல்யாணம் முடிஞ்சு ஜாதகம் பார்த்த மாதிரி.

2 ஜனவரி 2025, இரவு 11.50

முதல் நாள் "எங்க சைட்டில செத்தவர் ஒருத்தர்"னு எழுதினேன். விழுந்து செத்தவர்னு பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். இன்னொருத்தர் உண்டு.

1184. கம்பி கட்டற பையன், நேபாளம், இருபத்தஞ்சு இருக்கும். 2016 ஆகஸ்ட். பஸ்ஸுக்கு வரலை. ரெண்டு தடவை நம்பரைக் கூப்பிட்டேன். டிரைவர் ஹாரன் அடிச்சார். A போட்டேன். பஸ் கிளம்பிடுச்சு. ஆறரை மணிக்குக் கேம்ப் பாஸ் போன் பண்ணார். அறையில எட்டுப் பேர், எல்லாரும் இருட்டில கிளம்பிப் போயிருக்காங்க, தூங்கறான்னு நினைச்சு. மேல் கட்டில். காய்ச்சல்னு முந்தின ராத்திரி சீக்கிரம் படுத்திருக்கான்.

சான்றிதழ்ல வந்தது இதயமும் மூச்சும் நின்னுபோச்சு, இயற்கை மரணம். இருபத்தஞ்சு வயசில, ஆகஸ்ட் மாசத்தில, நாள் பூரா கம்பி கட்டினவனுக்கு. பிணக்கூறாய்வு கிடையாது, சந்தேகச் சாவுக்குத்தான் அது. இயற்கைன்னு எழுதிட்டா வேலைச் சாவு இல்லை. வேலைச் சாவு இல்லைன்னா நஷ்டஈடு இல்லை. கம்பெனி சவப்பொட்டி அனுப்புற செலவும் பாக்கிச் சம்பளமும் கொடுத்துச்சு. அறையில இருந்தவங்க வசூல் பண்ணிக் கொஞ்சம் அனுப்பினாங்க. பாஸ்போர்ட் கேன்சல் பண்ற தாள், செட்டில்மென்ட் தாள், எல்லாம் நான்தான் டைப் அடிச்சேன்.

பின்னாடி 2019-ல இதய மருத்துவ இதழ் ஒண்ணில ஒரு ஆய்வு வந்துச்சு. 2009-லேர்ந்து 2017 வரை கத்தார்ல இறந்த நேபாளத் தொழிலாளர்களில 571 பேருக்கு இதய நோய்னு காரணம் எழுதியிருந்ததாம். வெயில் ஏற ஏற அந்தச் சாவும் ஏறியிருக்கு. வெப்பத் தற்காப்பு ஒழுங்கா இருந்திருந்தா அதில 200 பேர் வரைக்கும் பிழைச்சிருக்கலாம்னு கணிச்சாங்க. அந்தத் தேதிக்குள்ள 1184-ம் வருவான். அவங்க கணக்கில அவன் இருக்கானா, எனக்குத் தெரிய வழியில்லை. 3-லேயும் இல்லை, 37-லேயும் இல்லைங்கிறது மட்டும் தெரியும். குழாய் வேலை. 6,500-ல கட்டாயம் இருப்பான். நான் முதல் நாள் "பொய்"ன்னு எழுதினேனே, அதில.

அந்த A-யை அப்புறம் திருத்திட்டேன்.

3 ஜனவரி 2025, காலை 5.20

திருத்தலை.

திருத்தப் போனேன், உண்மை. என்ன எழுத்தைப் போடறதுன்னு தெரியலை. P இல்லை, S-க்குச் சீட்டு இல்லை, V-யும் இல்லை. அக்கவுன்டன்ட்கிட்டே கேட்டேன். "மாசக் கணக்கு அனுப்பியாச்சு, விடு"ன்னார். விட்டுட்டேன். பாக்கிச் சம்பளத்தில ரெண்டு நாள் கட் ஆகித்தான் அவன் வீட்டுக்குப் போச்சு. அவன் செத்த நாளுக்கு ஒரு நாள், அபராதம் ஒரு நாள்.

9 ஜனவரி 2025, இரவு 10.15

ஆறு நாளா எழுதலை. அனுதாபம் சொன்னவங்களுக்கு ஒண்ணு: அது எனக்கு வேண்டாம்.

கேள்விக்குத் திரும்பறேன். சவூதிக்குக் கொடுத்தது தப்பா?

கொடுத்த விதத்தைப் பாருங்க. 2010 டிசம்பர் 2, ஜூரிச். 2022 போட்டிக்கு ஃபிஃபா நிர்வாகக் குழுவில 22 பேர் அறைக்குள்ள உட்கார்ந்து ஓட்டுப் போட்டாங்க. கடைசிச் சுத்தில கத்தார் 14, அமெரிக்கா 8. ஊழல் புகார் வந்து அது நாறினப்புறம், இனி எல்லா நாட்டுச் சம்மேளனமும் சேர்ந்துதான் முடிவெடுக்கும்னு மாத்தினாங்க. நல்ல சீர்திருத்தம். 2034-க்கு என்ன ஆச்சு? 2023 அக்டோபர்ல விருப்பம் சொல்ல வெறும் 25 நாள் கெடு. ஆஸ்திரேலியா கடைசி நாள் விலகிச்சு. ஒத்தை வேட்பாளர். 211 சம்மேளனம் ஆன்லைன்ல கூடி, ஓட்டுக்குப் பதிலா கேமரா முன்னாடி கைதட்டினாங்க. கைதட்டல்தான் ஓட்டு! ஃபிஃபா மதிப்பீட்டில 500-க்கு 419.8. மனித உரிமை அபாயம் "நடுத்தரம்". நார்வே மட்டும் இந்த முறையே சரியில்லைன்னு எழுத்தில கொடுத்துச்சு. அவங்க தலைவி லிசே க்ளாவெனஸ் 2022 மார்ச்சிலேயே தோஹாவில, கத்தார்காரங்க முன்னாடியே, செத்த தொழிலாளர் குடும்பங்களைப் பத்தி மேடையில பேசினவங்க.

இவ்வளவுக்கும் தாள்ல குறை இல்லை. 2016-ல ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரக்கியைக் கூப்பிட்டு ஃபிஃபா அறிக்கை வாங்கிச்சு. 2017-ல மனித உரிமைக் கொள்கை வெளியிட்டுச்சு. ஒலிம்பிக் கமிட்டியும் 2024 போட்டியிலேர்ந்து போட்டி நடத்துற நகரத்தோட ஒப்பந்தத்தில மனித உரிமை ஷரத்தைச் சேர்த்துடுச்சு. என் எக்செல்லேயும் 11.30-லேர்ந்து 3.00 வரை இடைவேளை இருந்துச்சு.

9 ஜனவரி 2025, இரவு 10.50

"ஆட்சி நடுவில மாறினா என்ன பண்றது?"ன்னு ஒரு நல்ல கேள்வி. பெர்லினுக்கு ஒலிம்பிக்கைக் கொடுத்தது 1931-ல, ஹிட்லர் வந்தது 1933. அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தது 1966, விடேலாவோட ராணுவம் வந்தது 1976. ரெண்டிலேயும் மாத்தலை. மாத்தவே முடியாதுன்னு சொல்லாதீங்க. 2022 பிப்ரவரி 24 அன்னைக்கு ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்துச்சு. மறுநாளே சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்லேர்ந்து பாரிஸுக்கு மாத்தினாங்க. ஒரே நாள்.

அதே 2022-ல பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கோட தொடக்க, நிறைவு விழாவுக்கு இந்தியா தன் தூதரக அதிகாரியை அனுப்பலை. ஷின்ஜியாங் முஸ்லிம்களுக்காகன்னு நினைச்சீங்களா? கல்வான்ல நம்மோட சண்டை போட்ட சீன ராணுவ அதிகாரி கையில ஜோதியைக் கொடுத்துட்டாங்கன்னு. அவங்கவங்க கணக்கு அவங்கவங்களுக்கு.

11 ஜனவரி 2025, மாலை 4.00

இலங்கையைப் பத்தி ஏன் பேசலைன்னு கேட்டவருக்கு: போர் முடிஞ்சு ரெண்டரை வருஷத்தில, 2011 நவம்பர்ல, 2018 காமன்வெல்த் போட்டி அம்பாந்தோட்டைக்கு வேணும்னு கேட்டாங்க. ஆஸ்திரேலியாவோட கோல்ட் கோஸ்ட் 43, அம்பாந்தோட்டை 27. முள்ளிவாய்க்காலுக்கு அப்புறமும் 27 ஓட்டு விழுந்துச்சுன்னு படிக்கலாம், தோத்துச்சுன்னும் படிக்கலாம். நான் முதல் மாதிரிதான் படிக்கிறேன்.

அதோட இன்னொண்ணு. 2008 பெய்ஜிங்கில போராட்டம் நடத்த மூணு பூங்கா ஒதுக்கினாங்க, விண்ணப்பம் போட்டா அனுமதின்னு. விண்ணப்பம் வந்தது 77. நடந்தது பூஜ்யம். எழுபது தாண்டின ரெண்டு பாட்டிகள், வீட்டை இடிச்சதுக்கு நியாயம் கேட்டு விண்ணப்பம் போட்டவங்க, அவங்களுக்கு ஒரு வருஷம் உழைப்பு முகாம்னு உத்தரவு. உலகப் பத்திரிகைகள் எழுதினப்புறம் அதை ரத்து பண்ணாங்க. கேமரா போறது நல்லதுன்னு சொன்னேனே, இதுக்கும்தான். ஆனா அது போட்டி நடக்கிற ரெண்டு வாரத்துக்கு. பாட்டிகளோட வீட்டை இடிச்சது அதுக்கு எவ்வளவோ முன்னாடி.

18 ஜனவரி 2025, காலை 9.00

தொடக்கத்தில கேட்ட நண்பர் மறுபடி வந்திருக்கார். "கடைசியில 6,500 உண்மையா பொய்யா?"ங்கிறார். நீங்க ஒரு வார்த்தை கேட்கிறதை நிறுத்துங்க, நானும் ஒரு வார்த்தை சொல்றதை நிறுத்திக்கிறேன்.

கத்தார்ல ஒண்ணுமே மாறலைன்னு சொன்னா அதுவும் பொய். 2018-ல பெரும்பாலானவங்களுக்குக் குரூஜ் எடுத்தாங்க, அதாவது கம்பெனி அனுமதிச் சீட்டு இல்லாம ஊருக்குக் கிளம்பலாம். 2020-ல என்.ஓ.சி, அதாவது பழைய கம்பெனியோட தடையில்லாக் கடிதம் இல்லாம கம்பெனி மாறலாம்னாங்க. 2021 மார்ச்சிலேர்ந்து குறைஞ்சபட்சச் சம்பளம் 1,000 ரியால். போட்டி வந்ததாலதான் இதெல்லாம். நான் இருந்தப்போ குரூஜுக்கு மந்தூப் (கம்பெனிக்காக அரசு ஆபீஸ் வேலை பார்க்கிறவர்) பின்னாடி அலைஞ்சவங்களை நினைச்சா இது சின்ன விஷயமில்லை. அப்பா செத்துட்டார்னு தந்தி மாதிரி மெசேஜ் வந்தும் மூணு நாள் கையெழுத்துக்குக் காத்திருந்தவரைப் பார்த்திருக்கேன்.

18 ஜனவரி 2025, காலை 9.40

ஒரு தம்பி தனிச்செய்தியில கேட்டார். சவூதியில ஸ்டேடிய வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க, எலெக்ட்ரீஷியன், போகலாமா வேண்டாமான்னு. உலகக் கோப்பை யாருக்குக் கொடுக்கலாம்னு நாம இங்கே மாசக்கணக்கா அடிச்சுக்கிறோம். அவருக்கு முன்னாடி இருக்கிறது அந்தக் கேள்வி இல்லை.

போகாதேன்னு நான் சொல்லலை. நானும் போனவன்தான், அந்தக் காசில வீடு நிமிர்ந்துச்சு. அவருக்கு எழுதினதை இங்கேயும் போடறேன். ஒப்பந்தத்தைக் கிளம்பறதுக்கு முன்னாடியே முழுசா படம் எடுத்து வீட்டில ஒருத்தர்கிட்டே கொடுத்துடுங்க. அங்கே போய் இறங்கினதும் வேற தாள் நீட்டினா ரெண்டையும் ஒப்பிடுங்க. பாஸ்போர்ட்டைக் கேட்டா நகல் கொடுங்க. காய்ச்சல்னா ராத்திரியே அறையில இருக்கிறவங்ககிட்டே சொல்லுங்க, காலையில பஸ்ஸுக்குப் போகும்போது உங்களைத் தட்டிப் பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க. மாசக் கடைசியில கையெழுத்துக்கு டைம்ஷீட் வரும்போது போனை எடுத்து ஒரு படம் பிடிச்சுக்குங்க. டைம்கீப்பர் முறைப்பான். முறைக்கட்டும்.